எட்டு எண்ணிக்கை மௌனம்

பிறேமன், ஜெர்மனி
03.02.2025

அன்புள்ள சுஜீவா மச்சாளுக்கு,

பெரியகல்லாறு நல்லரத்தினத்தின் மகன் றோய் எழுதுகிறேன். உங்கள் அம்மாவும் என் அப்பாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். ஆனாலும் இப்படி அறிமுகம் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. நீங்களும் நானும் இந்த ஐம்பது வருடத்தில் நேருக்கு நேர் பேசியது மூன்று தரம் இருக்கலாம். அப்பா மெதடிஸ்தப் பெண்ணைக் கட்டி, கத்தோலிக்கத்தை விட்டு மெதடிஸ்தராக மாறியதும், அதற்காக உங்கள் அப்பா அவரை வாசலில் நிறுத்தித் துரத்தியதும் முடிந்த கதை. இரண்டு பேருமே மண்ணுக்குப் போய்விட்டார்கள். நான் கலை விஷயமாக எழுதுகிறேன்.

இங்கே ஓர் இசைக்குழுவில் இருபத்திரண்டு வருடமாக வயலா வாசிக்கிறேன். வயலா என்பது வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் தடித்த வாத்தியம். அங்கே நீங்கள் கண்டிருக்க வாய்ப்பில்லை. சென்ற வருடம் வயலாவுக்கும் பியானோவுக்குமாக ஆறு நிமிட உருப்படி ஒன்றை எழுதினேன். பெயர் 'வாவி வலைப்பாட்டு'. இங்கே மூன்று இடங்களில் வாசித்தாயிற்று. விஷயம் தெரிந்தவர்கள் நல்லபடி எழுதியிருக்கிறார்கள். வருகிற ஆகஸ்ட் 16ஆம் திகதி அதை மட்டக்களப்பு நகரத்தில் வாசிக்க ஏற்பாடாகியிருக்கிறது. பிறந்த மண்ணுக்கு நான் செய்யும் கடமை.

பியானோவுக்குக் கொழும்பில் ஒரு நல்ல கலைஞரைக் கேட்டேன். அவருக்கு அந்தத் திகதி வசதிப்படவில்லை. அதன் பிறகுதான் உங்கள் ஞாபகம் வந்தது. பயப்பட வேண்டாம். பியானோப் பகுதி கடினமாக இல்லை. கோயிலில் பூசைப் பாட்டுக்குப் பின்னணி வாசித்துப் பழகிய கைக்கு இது முடியும். இசைத்தாளை இத்துடன் அனுப்புகிறேன். நிகழ்ச்சிக் குறிப்புக்காக எழுதியதையும் தமிழில் கீழே தருகிறேன், பின்னணி விளங்கினால் வாசிப்பு திருந்தும்:

"இப்படைப்பின் மைய மெட்டு, மட்டக்களப்பு வாவி மீனவர்கள் வலை இழுக்கையில் பாடிவரும் தொல்பாட்டு. இயற்றியவர் அறியப்படாதவர். ரிஷபமும் பஞ்சமமும், அதாவது ரேயும் சோவும், தீண்டப்படாத அபூர்வமான பண். நடுவே வரும் எட்டு எண்ணிக்கை மௌனம், மீனவர் தம் வலையின் மிதப்புகளை எண்ணும் இடைவெளி."

பதிலைத் தாமதிக்காமல் எழுதுங்கள். மாமிக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள், அவருக்கு என்னை ஞாபகமிருந்தால்.

அன்புடன்,
றோய்


தன்னாமுனை
24.02.2025

மாண்புமிகு இசைமேதை றோய் நல்லரத்தினம் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய பொதி கிடைத்தது. கொழும்புக்காரருக்கு வசதிப்படாததால் இந்த ஏழைக்கு வாய்த்த பாக்கியத்தை நினைத்து நினைத்து மகிழ்கிறேன். தாங்கள் என்று இவ்வளவுதான் எழுத முடியும். நீ என்னிலும் எட்டு வயது இளையவன். இனி நீதான்.

முதலில் வயலாவைப் பற்றி. நான் கண்டிருக்க வாய்ப்பில்லை என்கிறாய். கண்டிருக்கிறேன். வயலினில் தேறாதவர்களுக்குக் கொடுப்பார்கள் என்றும் கேட்டிருக்கிறேன். மண்டபத்தைப் பொறுப்பெடுத்திருக்கிற உதயரூபன் உன் நிகழ்ச்சிப் பெயரை வாசித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டான், "வயலா டீச்சர்? எந்த வட்டையில?" என்று. அவன் பழுகாமத்துப் பக்கம் வட்டையில் நெல் செய்கிறவன், அவனுக்கு வயல் என்றுதான் விளங்கும். வாத்தியம் என்று சொன்னேன். "மறுகா ஏன் கேள்வி மாதிரி எழுதியிரிக்கி?" என்றான். உன் கீர்த்தி இங்கே இந்த அளவில் இருக்கிறது.

அடுத்தது, வாவி மீனவர் பாட்டு. றோய், நீ மீனவனுடைய மகன். வெட்கமாக இல்லையா? கடற்கரையில் பத்துப் பேர் சேர்ந்து கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவார்கள், அது வேறு. வாவியில் தோணியில் தனியே நிற்கிறவன் யாருக்கு அம்பா பாடுவான்? அவன் வாயைத் திறந்தால் மீன் நிற்குமா? மட்டக்களப்பில் மீன் பாடும் என்று உலகமெல்லாம் சொல்லும். மீனவன் பாடுவான் என்று நீ ஒருத்தன்தான் சொல்கிறாய். அதற்கு ஜெர்மனியில் கைதட்டியும் இருக்கிறார்கள்.

மிதப்பு எண்ணுகிறார்களாம்! வலையில் மிதப்பைக் கட்டினவனே அவன்தான். அவனுக்கு எத்தனை என்று தெரியாதா? ஒவ்வொரு நாளும் நின்று எண்ணிப் பார்க்கிறவன் மீனவனில்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கில் தவறினவன்.

பியானோப் பகுதியையும் வாசித்துப் பார்த்தேன். மெட்டு முழுவதும் உன் வயலாவுக்கு. எனக்குத் தந்திருப்பது தண்ணீர்ச் சத்தம். ஆறு நிமிடமும் இடது கை களக் களக், வலது கை சளக் சளக். இதற்குக் கொழும்பிலிருந்து ஆள் எதற்கு? ஒரு வாளியும் அகப்பையும் போதும்.

இதையெல்லாம் ஒரு பகிடி என்று விட்டிருப்பேன். ஒன்றை விட முடியவில்லை. உன் வயலா வாசிக்கும் அந்த மெட்டு எனக்குத் தெரியும். அதை இயற்றின "அறியப்படாதவர்" யார் என்றும் தெரியும். எங்கே எடுத்தாய் என்று நீயாகச் சொல்கிறாயா, அல்லது நான் சொல்லட்டுமா?

அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. உன்னை ஞாபகமிருக்கிறது. "நல்லரத்தினத்திர பொடியன்" என்றா.

சுஜீவா


பிறேமன்
14.03.2025

மச்சாள்,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் கோபம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பியானோப் பகுதி உங்களுக்குத் தண்ணீர்ச் சத்தமாகக் கேட்டால் அது பியானோவின் குற்றமில்லை. நாற்பது வருடமாக ஒரே கோயில், ஒரே பத்துப் பாட்டு, அரைத் தூக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு கையையும் சேர்த்து வாசிக்கப் பழக்குதல். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறவருக்கு வெளியே ஓடுகிற குதிரையைக் கண்டால் எரிச்சல் வருவது இயல்பு. வெளியே வரவும் உங்களுக்கு வாய்ப்பிருந்தது, கொழும்பில் படிக்க இடம் கிடைத்தது என்று கேள்வி. போகாமல் இருந்தது நீங்கள். அதற்கு என்மேல் பாய வேண்டாம்.

மெட்டை எங்கே எடுத்தேன் என்று கேட்கிறீர்கள், திருடனை விசாரிப்பதுபோல. சொல்கிறேன். அப்பாவிடமிருந்து. எனக்கு எட்டு, ஒன்பது வயதிலிருந்து அவர் என்னைத் தோணியில் கூட்டிக்கொண்டு போவார். வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் அவர் வாய்க்குள் முனகுகிற ஒரே மெட்டு இதுதான். சொல் இல்லை, வெறும் முனகல். வேறு எதையும் அவர் பாடி நான் கேட்டதில்லை. சேர்ச்சில்கூட மற்றவர்கள் பாடும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பார். மீனவன் பாடமாட்டான் என்று நீங்கள் தன்னாமுனைக் கரையிலிருந்து தீர்ப்பு எழுதலாம். நான் தோணிக்குள் இருந்து கேட்டவன்.

வயலினில் தேறாதவனுக்கு வயலா என்றீர்கள். இதை இங்கேயும் பகிடியாகச் சொல்வார்கள், எனக்குப் பழகிவிட்டது. நான் வயலினில் தேறியவன். இருபத்தைந்து வயதில் ஒருநாள் ஒரு வயலாவைக் கையில் வாங்கி அந்த மெட்டை வாசித்துப் பார்த்தேன். அப்பாவின் குரல் அப்படியே அதற்குள் இருந்தது. அன்றைக்கு மாறினேன். இது உங்களுக்கு விளங்க வேண்டுமென்ற அவசியம் எனக்கு இல்லை.

இயற்றியவரைத் தெரியும் என்று வெருட்டுகிறீர்கள். சொல்லுங்கள் பார்ப்போம். கேட்கச் சுவாரசியமாக இருக்கும்.

றோய்


தன்னாமுனை
05.04.2025

றோய்,

சுவாரசியமாக இருக்கும் என்றாய். உட்கார்ந்து வாசி.

அறியப்படாதவர் நான்தான். முழுப்பெயர் மேரி சுஜீவா. அடையாள அட்டை இலக்கமும் வேண்டுமென்றால் அனுப்புகிறேன். உன் மீனவர்களின் தொல்பாட்டை 1983ஆம் ஆண்டு தை மாதம் இருபதாம் திகதி விடியற்காலையில், பதினாறு வயதில், நான் உண்டாக்கினேன். அது எவ்வளவு தொன்மை என்று நீயே கணக்குப் பார்.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் எங்கள் கோயில் ஓடு முழுவதும் போனது உனக்குத் தெரிந்திருக்கும். காலால் மிதித்து வாசிக்கிற பழைய ஓர்கன் மூன்று நாள் மழையில் நனைந்தது. காயவைத்துப் பார்த்தபோது நடுவில் இரண்டு கட்டைகளுக்கு உள்ளே நாக்குத் துருப்பிடித்துப் போயிருந்தது. அழுத்தினால் சத்தம் வராது. ஒன்று ரே, மற்றது சோ. உன் அபூர்வப் பண் இதுதான் ஐயா! ரிஷபத்தையும் பஞ்சமத்தையும் தீண்டாதவர்கள் வாவி மீனவர்கள் இல்லை, சூறாவளி.

ரேயும் சோவும் இல்லாமல் எந்தக் கோயில் பாட்டை வாசிப்பது? அப்பா பாட்டுக்குழுவை நடத்தினவர். அந்த இரண்டு இடத்திலும் தன் குரலைப் போட்டு ஓட்டையை அடைத்துக்கொண்டு வாசிப்பார். அப்படி வாசிக்கத் தெரிந்தவர் அவரும் நானும் மட்டும்தான். பத்தொன்பதாம் திகதி அதிகாலை அவர் செத்துப்போனார். அடுத்த நாள் அடக்கம். ஓர்கன் வாசிக்கத் தெரிந்த மற்ற ஆள் பெட்டிக்குள் இருந்தார். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, ஓட்டையை அடைக்கக் குரல் இல்லை. பாட்டில் ஓட்டை விழுந்தால் சனம் சிரிக்கும், அப்பாவின் அடக்கத்தில் சிரிக்கவிடக் கூடாது என்று ஊமைக் கட்டை இரண்டையும் தொடாத ஒரு மெட்டை நானே கட்டினேன். பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் வாசித்தேன். அந்த ஒருதரம்தான். அதற்குப் பிறகு இந்த நாற்பத்திரண்டு வருடத்தில் என் விரல் அதைத் தொட்டதில்லை.

இப்போது உன் எட்டு எண்ணிக்கை மௌனத்துக்கு வா. வாசித்துக்கொண்டிருக்கும்போது மிதிபலகையின் வார் அறுந்தது. காற்று நின்று மெட்டு பாதியில் செத்தது. கீழே குனிந்து, தலையில் கட்டியிருந்த கறுப்பு றிபனைக் கழற்றி வாரைக் கட்டி, விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தேன். மிதப்பும் இல்லை, எண்ணலும் இல்லை. உன் தாளில் நீ நிறுத்தியிருக்கும் இடம் அச்சொட்டாக வார் அறுந்த அதே இடம்.

அதனால்தான் உன்னைக் கள்ளன் என்கிறேன். அன்றைக்குக் கோயிலில் யாரோ கசற்றில் பதிந்திருக்கிறார்கள். அது எப்படியோ உன் கைக்கு வந்திருக்கிறது. அப்பா முனகினார் என்று கதை விடாதே. உன் அப்பா அன்றைக்கு வரவில்லை. "இந்த மண்ணில கால் வைக்காத" என்று என் அப்பா முன்னொரு நாள் சொன்னார். "நீ செத்தாலும் வைக்க மாட்டன், சத்தியம்" என்று உன் அப்பா சொன்னார். சொன்னபடியே வராமல் விட்டார். அம்மா பெட்டியைத் தூக்கவிடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றது என் கண்ணுக்குள் இருக்கிறது. ஒரே தம்பி. அதனால் 2009இல் மாமா செத்தபோது நாங்களும் வரவில்லை. அதற்காக நான் வருந்தியதில்லை.

கொழும்புக்கு ஏன் போகவில்லை என்று கேட்டாய். அப்பா போன பிறகு அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போக எனக்கு ஒரு மாமா இருக்கவில்லை.

ஆகஸ்டில் வாசிக்கிறேன். ஒரு நிபந்தனை. குறிப்பில் என் பெயரும், அது யாருடைய அடக்கத்துக்குக் கட்டிய மெட்டு என்பதும் வரவேண்டும். இல்லாவிட்டால் மேடையில் நானே எழும்பிச் சொல்வேன். நோட்டீசும் அச்சாகி வந்துவிட்டது. "வயலும் பியானோவும்" என்று போட்டிருக்கிறான் உதயரூபன். திருத்தச் சொல்லவில்லை. உனக்கு அது காணும்.

சுஜீவா


பிறேமன்
26.04.2025

மச்சாள்,

இப்படியொரு கடிதத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பொறாமையில் ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எல்லை இல்லைப்போல.

இரண்டு கட்டை பழுதாகியிருந்தது, ஆகவே மெட்டு எனது. ஓர்கன் பழுதான கோயில் மட்டக்களப்பில் உங்களது மட்டும்தானா? மேடையில் எழும்பிச் சொல்லப் போகிறீர்களாம், சொல்லுங்கள். குறிப்பு அச்சேறி மூன்று இடத்தில் வாசித்தாயிற்று. ஒரு கோயில் ஓர்கன்காரியின் வாய்ப்பேச்சை நம்பி அதை மாற்ற நான் பைத்தியக்காரன் இல்லை.

கசற் ஒன்றும் இல்லை. கசற் போட எங்கள் வீட்டில் அப்போது றேடியோகூட இல்லை. இன்னொரு தரம் சொல்கிறேன், அப்பாவிடம்தான் கேட்டேன். மௌனமும் என் கற்பனை இல்லை. அப்பா எப்போதும் அந்த இடத்தில் நிறுத்துவார். உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. பிறகு விட்ட இடத்திலிருந்து முனகுவார். ஒருதரம் நான் கேட்டேன், "என்னப்பா எண்ணுறீங்க?" என்று. "ஓம் மகன், எண்ணுறன்" என்றார். மிதப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், மிதப்பை எண்ணுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். இதில் என்ன பிழை?

நீங்கள் சொல்லும் திகதியில் அப்பா உங்கள் கோயிலில் இருந்திருக்க முடியாது, அதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. தை 21 என் பிறந்தநாள். எனக்கு எட்டு முடிந்த நாள், அதனால் மறக்காது. பத்தொன்பதாம் திகதி காலையில் தந்தி ஒன்று வந்தது, அப்பா வாசித்துவிட்டு மடித்து மடியில் வைத்தார். யாருக்கும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் தோணியை எடுத்துக்கொண்டு தொழிலுக்குப் போனவர் இரண்டு இரவு வரவில்லை. 21ஆம் திகதி பின்னேரம்தான் வந்தார். இறால் நன்றாகப் படுகிற நாட்கள், எல்லாத் தோணியும் நிரம்பி வருகிறது, அப்பா ஒரு இறால்கூட இல்லாமல் வந்தார். வலை நனையவே இல்லை. அம்மா ஏசின ஏச்சு இப்போதும் காதில் இருக்கிறது, "பிள்ளைர பிறந்தநாளுக்குக்கூட ஒரு மீன் இல்லையா? எங்க படுத்துக் கிடந்தீங்க?" என்று. ஆகவே அந்த மூன்று நாளும் அவர் தண்ணீரில்தான் இருந்தார், தன்னாமுனைக் கோயிலில் இல்லை. இத்தோடு உங்கள் கதை முடிகிறது.

வாசிக்க விருப்பமில்லாவிட்டால் சொல்லுங்கள். வேறு ஆள் பார்க்கிறேன்.

றோய்


தன்னாமுனை
17.05.2025

றோய்,

நீ மடையன். நானும் மடைச்சி. இதை முதலில் எழுதிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்து ஐந்து நாள். முதல் நாள் ஏசுவதற்காகப் பேனையை எடுத்தேன். "வலை நனையவே இல்லை" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நீ அதை எழுதினாய், ஆனால் நீ வாசிக்கவில்லை. மூன்று நாள் தண்ணீரில் நின்ற மீனவனின் வலை ஏன் நனையவில்லை என்று உனக்கு நாற்பத்திரண்டு வருடமாக ஒரு யோசனை வரவில்லை. நீயெல்லாம் ஒரு இசைமேதை!

எங்கள் கோயிலின் ஒரு பக்கம் வாவி. அந்தப் பக்கச் சுவரில் மூன்று யன்னல், அப்பால் நாலடி புல், பிறகு தண்ணீர், தண்ணீருக்குள்ளேயே வேர்விட்ட கண்ணா மரங்கள். அடுத்த நாளே பாட்டுக்குழுவில் ஒரு பிள்ளையை உள்ளே வைத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கண்ணா மரத்தடியில் முழங்கால் தண்ணீரில் போய் நின்றேன். வழியால் போனவர்கள் டீச்சருக்கு விசர் என்று நினைத்திருப்பார்கள். ஒவ்வொரு சுரமும் கேட்கிறது றோய். பிள்ளை பக்கம் புரட்டுகிற சத்தமும் கேட்கிறது.

சத்தியத்தை மாமா மீறவில்லை. மண்ணில் கால் வைக்கவில்லை. கல்லாற்றிலிருந்து வாவியின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒன்றரை நாள் தனியே துடுப்புப் போட்டு வந்து, அப்பாவின் அடக்கத்துக்குத் தண்ணீரில் நின்றிருக்கிறார். கால் வைக்காதே என்று சொன்னவருக்கும் தோற்கவில்லை, அக்காவையும் கைவிடவில்லை. நாங்கள் எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவராவது யன்னலைப் பார்க்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது. போன கடிதத்தில் நான் எழுதாமல் விட்டது. அது உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை, அதனால்தான் நம்புகிறேன். வார் அறுந்து நான் கீழே குனிந்து றிபனைக் கட்டிக்கொண்டிருந்தபோது கோயிலில் ஒரு மூச்சுச் சத்தமும் இல்லை. அந்த அமைதியை அம்மாவால் தாங்க முடியவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி தனியே, உரத்த குரலில், "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினா. சனம் சேர்ந்துகொண்டது. ஜெபம் முடியவும் நான் முடிச்சுப் போட்டு நிமிரவும் சரியாக இருந்தது. அந்த மெட்டின் இடைவெளி ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லும் நேரம். எட்டு எண்ணிக்கை இல்லை.

மெதடிஸ்தராகின உன் அப்பா மாதாவை நோக்கி ஜெபிக்கிறதை உன் வீட்டில் யாரும் கண்டிருக்க மாட்டீர்கள். வாயசைத்தாரே, அது மிதப்பு இல்லை றோய். அக்காவின் குரலுக்கு அவர் அன்றைக்குத் தண்ணீரில் நின்று பதில் சொன்னார். அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நீ எண்ணுகிறீர்களா என்று கேட்டாய். அவர் வேறென்ன சொல்வார்?

அம்மாவிடம் சொன்னேன். சொல்வதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன், பிறகு சொன்னேன். அழுவா என்று நினைத்தேன். அழவில்லை. "ஒண்டரை நாள் வந்து, ஒரு நாள் போயிரிக்கான். என்னகா திண்டிருப்பான்? செத்த வீட்டில சோறு கிடந்தது, குடுக்க ஆளில்லாமல் நாய்க்குப் போட்டம்" என்றா. அதற்குப் பிறகு ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் அதையே கேட்கிறா. தட்டில் பாதியை அப்படியே வைத்துவிடுகிறா.

2009இல் வராமல் விட்டதற்கு வருந்தியதில்லை என்று எழுதினேன் அல்லவா. அதை வெட்டிவிடு. அம்மா வரவேண்டும் என்று அன்றைக்குக் கேட்டா. நான்தான் பிடித்து நிறுத்தினேன், "அவர் வந்தாரா?" என்று கேட்டு. இதை உன்னிடம் சொல்லாமல் இந்தக் கடிதத்தை மூடமுடியாது.

நான் கேட்ட நிபந்தனையை நீ நிறைவேற்றினாலும் சரி, விட்டாலும் சரி. பெயர் எனக்கு வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டமாட்டேன், வேண்டும்தான். ஆனால் அதைவிட அந்த மௌனத்தை முதலில் திருத்து. எட்டு எண்ணுகிறாய். எண்ணாதே.

தண்ணீர்ச் சத்தத்தைப் பற்றிச் சொன்னதையும் வெட்டிவிடு. பரவாயில்லாமல் இருக்கிறது. துடுப்புச் சத்தம் என்று நினைத்து வாசித்தால் கை தானாகப் போகிறது.

உன் மச்சாள்,
சுஜீவா


பிறேமன்
09.06.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

இரண்டு வாரம் வயலாவைத் தொடவில்லை. அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அந்த மூன்று நாளுக்குப் பிறகு அப்பாவின் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துக் கிடந்தது, மஞ்சள் அரைத்துக் கட்டினேன் என்றா. வலை இழுத்த கைக்கு அப்படி வராது, அவருக்கு அது பழகின வேலை என்றும் சொன்னா. அவவுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நான் ஒருவன்தான் ஆராய்ச்சி எழுதிக்கொண்டிருந்தேன்.

புதிய தாளை இத்துடன் அனுப்புகிறேன். வாவி வலைப்பாட்டு என்ற பெயரை எடுத்துவிட்டேன். "மெட்டு: மேரி சுஜீவா, தன்னாமுனை, 1983, தகப்பனின் அடக்கத்துக்கு. கேட்டுக் காத்தவர்: நல்லரத்தினம், பெரியகல்லாறு" என்று போட்டிருக்கிறேன். மௌனத்துக்குப் பிறகு மெட்டு பியானோவுக்கு வருகிறது. தண்ணீர்ச் சத்தத்தை வயலா பார்த்துக்கொள்ளும். பண், தொன்மை எல்லாவற்றையும் கிழித்தாயிற்று. இங்கே எழுதிப் பாராட்டியவர்களுக்கு நான் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. சூறாவளி என்றால் நம்புவார்களா?

ஒரே ஒரு விஷயம். அந்த ஜெபத்தை இணையத்தில் தேடி எடுத்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். என் நாக்குக்குப் பழக்கமில்லை, இருந்தாலும் இருபத்திரண்டு வினாடி வருகிறது. மேடையில் இருபத்திரண்டு வினாடி சத்தமில்லாமல் நிற்பது மிகவும் நீளம் மச்சாள். சனம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டிவிடும், அல்லது எழும்பிப் போய்விடும். பாதியாகக் குறைக்கலாமா?

மாமியிடம் சொல்லுங்கள், அப்பா தோணியில் எப்போதும் அவலும் சர்க்கரையும் வைத்திருப்பார். பசியோடு இருந்திருக்க மாட்டார்.

அன்புடன்,
றோய்


தன்னாமுனை
01.07.2025

றோய்,

அவலும் சர்க்கரையும் என்று அம்மாவிடம் சொன்னேன். இன்றைக்கு மத்தியானம் முழுதாகச் சாப்பிட்டா.

ஆகஸ்டில் முன்வரிசையில் அம்மா இருப்பா. இடைவெளி வந்ததும் அவ சத்தமாகவே தொடங்கிவிடுவா என்று நினைக்கிறேன், தடுக்கமாட்டேன். வயல் என்று நம்பி வருகிற உதயரூபனின் ஆட்களும் இருப்பார்கள்.

குறைக்கலாமா என்று கேட்கிறாய். இருபத்திரண்டு வினாடி சனத்துக்கு நீளமாம். அடக்கப் பூசை முடியும்வரை உன் அப்பா தண்ணீரில் நின்றது ஒன்றரை மணித்தியாலம். இருக்கட்டும் சனம்.

சுஜீவா